நாணயத்திலும் நாணயம் வேண்டும்

முன்னுரை

‘நாணயம்’ என்ற சொல்லுக்கு நம் தாய்மொழியில் இரு பொருள்கள் உண்டு. கையில் எண்ணிக் கொடுக்கும் காசு ஒன்று. சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. காசு புழங்கும் இடத்தில் நேர்மையும் புழங்க வேண்டும் என்பதை இந்த ஒரு சொல்லே நமக்கு நினைவூட்டுகிறது எனலாம்.

பண்டைய எருசலேம் தேவாலயத்திற்கு யூதர்கள் ஆண்டுதோறும் அரை செக்கேல் வரி செலுத்தி வந்தனர். பல நாடுகளிலிருந்து வந்த யாத்திரிகர் தத்தம் ஊர்க் காசுகளைத் தீர் நகரத்து வெள்ளி நாணயமாக மாற்றியே அவ்வரியைச் செலுத்த வேண்டியிருந்தது. அதற்கென நாணயம் மாற்றுவோர் மேசையிட்டு அமர்ந்து, கூலி பெற்றுக்கொண்டு மாற்றித் தந்தனர். நம் ஆண்டவர் அம்மேசைகளைக் கவிழ்த்த நிகழ்ச்சியை நற்செய்தியில் நாம் அனைவரும் வாசித்திருக்கிறோம்.

இன்று அந்த மேசை கணினிக்குள் வந்துவிட்டது. வெளிநாட்டுக் கடை ஒன்றின் இணையத்தளத்தை நாம் திறக்கிறோம். நாம் யார், எந்த ஊர் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் விலைகள் டாலரிலோ யூரோவிலோ தோன்றாமல் ரூபாயில் தோன்றுகின்றன. நாம் இந்தியாவில் இருக்கிறோம் என்பதைக் கணினி எவ்வாறு அறிந்தது? அவ்வாறு அறிந்ததை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரு கேள்விகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓர் உதாரணம்

பாடம் எளிதில் விளங்கும்பொருட்டு ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கன்னியர் மடமொன்றில் ஏழைப் பெண்களுக்கான தையற்கூடம் நடைபெறுகிறது. அங்கே பூவேலை செய்த பீட விரிப்புகளை இணையத்தளம் மூலம் விற்க முற்படுகின்றனர். ஒரு விரிப்பின் விலை 1,500 ரூபாய். அதை வாங்க விரும்புவோர் கொழும்பிலும் இருக்கலாம். சிங்கப்பூரிலும், பாரிசிலும், டொரொன்டோவிலும் இருக்கலாம். 1,500 என்ற எண் அவர்களுக்கு உடனே பொருள் தராது. தம் நாட்டுப் பணத்தில் எவ்வளவு என்று தெரிந்தால்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வர். ஆகவே வந்தவர் எந்நாட்டிலிருந்து பார்க்கிறார் என்பதைத் தளம் ஒருவாறு ஊகிக்க வேண்டியதாகிறது.

தபால் முகவரியும் இணைய முகவரியும்

நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று அஞ்சல் குறியீட்டு எண் முறை நடைமுறைக்கு வந்தது. அந்த ஆறு இலக்கங்களுள் முதல் இலக்கம் 6 எனில், அக்கடிதம் தமிழ்நாடு, கேரளம் முதலியவை அடங்கிய தென்மண்டலத்துக்குரியது என்று அஞ்சல் ஊழியர் பார்த்தவுடனே அறிவார். எண்ணுக்குள்ளேயே இடம் அடங்கியிருக்கிறது.

இணையத்தில் சேரும் கணினிக்கும் இவ்வாறே ஓர் எண் வழங்கப்படுகிறது. அதை ஐ.பி. முகவரி என்பர். பழைய முறையில் அது புள்ளிகளால் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக இருக்கும். 203.0.113.25 என்பது ஒரு மாதிரி. இது பாடங்களில் உதாரணம் காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்ட எண்களுள் ஒன்று. நாம் ஒரு தளத்தைத் திறக்கும்போது, பக்கத்தை எங்கே அனுப்புவது என்று தெரியும்பொருட்டு இவ்வெண் அத்தளத்துக்குச் சென்று சேர்கிறது. முகவரி எழுதாத கடிதத்துக்குப் பதில் வராது அன்றோ?

ஆனால் ஒரு முக்கியமான வேற்றுமை உண்டு. அஞ்சல் குறியீட்டைப் போல ஐ.பி. எண்ணுக்குள் ஊர் அடங்கியிருப்பதில்லை. இவ்வெண்களைப் பகிர்ந்தளிக்க உலகில் ஐந்து மண்டலப் பதிவகங்கள் உள்ளன. ஆசிய–பசிபிக் மண்டலத்துக்கான பதிவகம் ஏப்நிக் என்பதாகும். அதன் அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் இருக்கிறது. பதிவகம் எண் தொகுதிகளை இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கு அளிக்கிறது. அந்நிறுவனங்கள் தம் வாடிக்கையாளருக்கு அளிக்கின்றன. எந்தத் தொகுதி யாரிடம் உள்ளது என்ற பதிவேட்டைக் கொண்டும் வேறு ஆய்வுகளைக் கொண்டும் சில நிறுவனங்கள் பெரிய அட்டவணைகளைத் தயாரித்து விற்கின்றன. தையற்கூடத்தின் தளமும் அத்தகைய அட்டவணையைப் புரட்டிப் பார்த்தே, “இவ்வெண் சிங்கப்பூரில் வழங்கப்பட்டது, வந்தவர் சிங்கப்பூரில் இருக்கலாம்” என்று ஊகிக்கிறது. இங்கே ‘இருக்கலாம்’ என்ற சொல்லை நாம் நன்கு கவனிக்க வேண்டும்.

ஊகம் தவறும் விதங்கள்

நாட்டைக் கண்டுபிடிப்பதில் இவ்வட்டவணைகள் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. நகரத்தைக் கண்டுபிடிப்பதில் அடிக்கடி தவறுகின்றன. நாட்டளவிலும் தவறு நேர்வதற்குச் சில காரணங்களைக் காண்போம்.

முதலாவது, எண்களின் தட்டுப்பாடு. பழைய முறையில் அமைக்கக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 லட்சம் அளவே. உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று ஐந்து பதிவகங்களுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. அதன்பின் எண்கள் ஒரு நிறுவனத்திடமிருந்து மற்றொரு நிறுவனத்துக்கு விலைக்குக் கைமாறுகின்றன. சில வேளைகளில் நாடும் மாறுகிறது. அட்டவணை உடனுக்குடன் திருத்தப்படாவிடில் பழைய நாட்டையே காட்டும். தட்டுப்பாட்டின் காரணமாகப் பல செல்பேசிகள் ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

இரண்டாவது, சுற்றுவழி. வி.பி.என். என்னும் வசதியைப் பயன்படுத்துவோரின் கடிதங்கள் வேறொரு நாட்டிலுள்ள கணினி வழியே செல்கின்றன. வெளிநாட்டு நிறுவனங்களில் பணிபுரியும் நம் பெற்றோர் சிலர் வீட்டிலிருந்தே வேலை செய்யும்போதும் இது நேரலாம். அவர் திருச்சியில் அமர்ந்திருப்பார். தளமோ அவர் இலண்டனில் இருப்பதாக எண்ணும்.

மூன்றாவது, பயணம். இந்திய சிம் அட்டையுடன் வெளிநாடு செல்பவரின் செல்பேசி, ரோமிங் வசதியில் பெரும்பாலும் தாய்நாட்டு நிறுவனத்தின் வழியாகவே இணையத்தை அடைகிறது. அவர் பாரிசில் நின்று பார்த்தாலும் தளம் ‘இந்தியா’ என்றே கருதும். இனி, தளம் சரியாகவே ‘பிரான்ஸ்’ என்று ஊகித்தாலும், அவர் ரூபாயில் செலவு செய்பவரேயன்றி யூரோவில் சம்பாதிப்பவர் அல்லர். ஒருவர் நிற்கும் இடம் வேறு, அவருடைய பணம் வேறு.

மற்றைய தடயங்கள்

ஐ.பி. எண் மட்டுமன்றி வேறு தடயங்களும் தளத்துக்குக் கிடைக்கின்றன.

பிரவுசர் எனப்படும் உலாவி, தன் உரிமையாளர் விரும்பும் மொழி எது என்பதை ஒவ்வொரு வேண்டுகோளுடனும் சொல்லி அனுப்புகிறது. ‘தமிழ்’ என்று அது சொன்னால் என்ன முடிவுக்கு வருவது? தமிழ் இந்தியாவிலும் வழங்குகிறது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வழங்குகிறது. இந்திய ரூபாய், இலங்கை ரூபாய், சிங்கப்பூர் டாலர், மலேசிய ரிங்கிட் என நான்கு நாணயங்கள் ஒரே தாய்மொழிக்குள் அடங்கியிருக்கின்றன. மொழியைக் கொண்டு பணத்தை முடிவு செய்வது பொருந்தாது என்பதற்கு நம்மைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமோ?

கணினியின் கடிகாரமும் ஒரு தடயம். உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது இந்திய நேரம். ஆனால் இலங்கையின் நேரமும் அதுவே. ஆகவே மணியை மட்டும் பார்த்தால் சென்னையையும் கொழும்பையும் பிரித்தறிய முடியாது. கடிகாரத்தில் குறித்து வைத்துள்ள நேர மண்டலத்தின் பெயரையும் பார்த்தால் பிரித்தறியலாம்.

செல்பேசியின் செயற்கைக்கோள் வசதி தெருவரை துல்லியமாகக் காட்டும். ஆனால் அதை அறிய, “உங்கள் இருப்பிடத்தை இத்தளம் அறியலாமா?” என்று உலாவி நம்மிடம் அனுமதி கேட்கும். பீட விரிப்பின் விலையை எந்தப் பணத்தில் காட்டுவது என்பதற்கு நாட்டின் பெயர் போதும். தெருவும் வீடும் எதற்கு? நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், குறித்த நோக்கத்துக்குத் தேவையான தகவலையே பெற வேண்டும் என்ற கொள்கையைக் கொண்டது. ஆகவே மாணவியராகிய நாம் இக்கேள்வி தோன்றியவுடன் யோசியாமல் ‘ஆம்’ என்று தொட்டுவிடக் கூடாது. ‘இது இவர்களுக்கு எதற்கு?’ என்று ஒரு கணம் கேட்டுக்கொள்வது நலம்.

கான்சாஸ் பண்ணைவீடு

ஊகத்தை உண்மை என்று நம்பினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். அங்கே மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம் மேற்சொன்ன வகை அட்டவணைகளைத் தயாரித்து வந்தது. சில எண்களைப் பற்றி ‘அமெரிக்கா’ என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஆனால் அட்டவணையிலோ அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் நிரப்ப வேண்டியிருந்தது. ஆகவே நாட்டின் நடுப்பகுதியில் ஓர் இடத்தைத் தேர்ந்து, எழுத எளிதாக இருக்கும்பொருட்டு முழு எண்களாக்கி, வடக்கு 38 பாகை, மேற்கு 97 பாகை என்று எழுதி வைத்தனர்.

அவ்விடம் வெற்றிடம் அன்று. கான்சாஸ் மாநிலத்தில் பாட்வின் என்ற சிற்றூருக்கு அருகே, ஒரு மூதாட்டிக்குச் சொந்தமான பண்ணைவீடு அங்கே இருந்தது. காலப்போக்கில் 60 கோடிக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் அந்த ஒரு வீட்டையே சுட்டின. இணையத்தில் ஏமாற்றப்பட்டவர்கள் எங்கெங்கோ இருந்த மோசக்காரர்களின் எண்ணைத் தேடினர். அட்டவணை இவ்வீட்டைக் காட்டியது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக் காவலர் வந்தனர்; தற்கொலைக்கு முயன்றவரைக் காப்பாற்ற ஆம்புலன்சு வந்தது; வரி அதிகாரிகளும் வந்தனர். அங்கே குடியிருந்தோர் ஒரு குற்றமும் அறியாதவர். ஏன் தம் வீட்டுக்கே எல்லாரும் வருகிறார்கள் என்று பல ஆண்டுகள் அவர்களுக்குப் புரியவில்லை. 2016 ஏப்ரலில் ஒரு பத்திரிகையாளர் ஆராய்ந்து காரணத்தை வெளியிட்டார். அதன்பின் நிறுவனம் அப்புள்ளியை ஓர் ஏரியின் நடுவே மாற்றி வைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் குடியிருந்தோர் வழக்கும் தொடர்ந்தனர். தன் அட்டவணை தனிவீட்டைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டதன்று என்று நிறுவனம் கூறியது. அது மெய்யே. ஆயினும் அட்டவணையைப் பார்த்தவர்கள் அதை அறியவில்லை.

இதில் இயந்திரம் பொய் சொல்லவில்லை. ‘தெரியாது’ என்று எழுத வேண்டிய இடத்தில் ஓர் எண்ணை எழுதி வைத்ததே தீமைக்கு வித்தாயிற்று. தேர்வில் விடை தெரியாத இடத்தை வெறுமையாக விட நமக்கும் மனம் வருவதில்லை. ஆயினும் ‘தெரியாது’ என்று சொல்வதும் சில வேளைகளில் ஒரு நேர்மையான விடையே ஆகும்.

நாடு தெரிந்தால் நாணயம் தெரியுமா?

நாட்டை ஊகித்த பின்னர் அதற்குரிய நாணயத்தைக் காண வேண்டும். நாடுகளுக்கான சர்வதேசக் குறியீடுகள் 1974ஆம் ஆண்டிலும், நாணயங்களுக்கான மூன்றெழுத்துக் குறியீடுகள் 1978ஆம் ஆண்டிலும் முதன்முதலாக வெளியிடப்பட்டன. இந்திய ரூபாய்க்கு ஐ.என்.ஆர்., இலங்கை ரூபாய்க்கு எல்.கே.ஆர்., அமெரிக்க டாலருக்கு யூ.எஸ்.டி. என்பன அக்குறியீடுகள்.

ஒரு நாட்டுக்கு ஒரு நாணயம் என்று எண்ணிவிடலாகாது. பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி முதலிய பல நாடுகளுக்கு யூரோ என்ற ஒரே நாணயம். தென் அமெரிக்காவிலுள்ள ஈக்வடோர் 2000ஆம் ஆண்டு தன் சொந்த நாணயத்தை விட்டு அமெரிக்க டாலரை ஏற்றது. குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று குனாவை விட்டு யூரோவுக்கு மாறியது. அன்று தன் பட்டியலைத் திருத்தாத கடைக்காரர், இல்லாத பணத்தில் விலை சொல்லியிருப்பார்.

குறிகளிலும் குழப்பம் உண்டு. ‘ரூ.’ என்று மட்டும் எழுதினால் இந்தியாவா, இலங்கையா என்று கொழும்பிலுள்ளவர் ஐயுறுவார். டாலர் குறியோ அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாவற்றுக்கும் பொது. இந்திய ரூபாய்க்கெனத் தனிக் குறி 2010 ஜூலை 15 அன்று ஏற்கப்பட்டது. அதை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் என்பது நமக்குப் பெருமை. எனினும் வெளிநாட்டார்க்கு விற்கும்போது குறியுடன் நாட்டின் பெயரையோ மூன்றெழுத்துக் குறியீட்டையோ சேர்த்து எழுதுவதே தெளிவு.

கணக்கைச் செய்து பார்ப்போம்

விகிதங்கள் நாள்தோறும் மாறுவன. கணக்குக்காக, 1 சிங்கப்பூர் டாலர் 65 ரூபாய் என்று கொள்வோம். 1,500ஐ 65ஆல் வகுத்தால் 23.0769 வரும். ஒரு டாலரில் 100 சென்ட் ஆதலால் இரண்டு தசம இடங்கள் போதும், விலை 23.08 டாலர்.

1 ஜப்பானிய யென் 60 காசு என்று கொள்வோம். விலை 2,500 யென். யென்னுக்குக் கீழே புழங்கும் சில்லறை இல்லை. ஆகவே தசமப் புள்ளியே இராது. 1 குவைத் தினார் 280 ரூபாய் என்று கொள்வோம். ஒரு தினாரில் 1,000 ஃபில்ஸ் உண்டு. ஆகவே மூன்று தசம இடங்கள் வேண்டும். விலை 5.357 தினார். எல்லா நாணயத்துக்கும் இரண்டு தசம இடம் என்று எழுதிய கணினி நிரல் ஜப்பானிலும் தவறும், குவைத்திலும் தவறும்.

இங்கே இன்னுமொரு நுட்பம் உண்டு. திரையில் காட்டும் விலை வேறு, உண்மையில் வசூலிக்கும் தொகை வேறாக இருக்கலாம். தையற்கூடம் ரூபாயில்தான் வசூலிக்கிறது எனில், சிங்கப்பூர்க்காரரின் வங்கி தன் விகிதப்படி மாற்றி, கட்டணமும் சேர்த்துப் பிடிக்கும். 23.08 என்று பார்த்தவருக்குக் கணக்கில் 24 டாலர் கழிந்தால், அவர் கன்னியரையே ஐயுறுவார். ஆகவே “சுமார் 23.08 சிங்கப்பூர் டாலர், வசூலிக்கப்படுவது 1,500 இந்திய ரூபாய்” என்று இரண்டையும் அருகருகே எழுதிவிடுவதே முறை.

முடிவு யார் கையில்?

இடத்தை அறிவது வாங்குபவருக்கு உதவவும் கூடும், அவரை ஏமாற்றவும் கூடும். 2012 டிசம்பரில் அமெரிக்க நாளிதழான வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்டேப்பிள்ஸ் என்ற கடையின் தளம், வந்தவரின் இடத்தை ஊகித்து, ஒரே பொருளுக்கு வெவ்வேறு விலை காட்டியதாக அது கண்டது. போட்டிக் கடை அருகில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் குறைந்த விலை. தொலைவில் இருந்தவர்களுக்குக் கூடுதல் விலை. வாங்கியவர்கள் இதை அறியார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018ஆம் ஆண்டு ஒரு விதி செய்து, அவ்வாண்டு டிசம்பர் 3 முதல் அதை நடைமுறைப்படுத்தியது. வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி, அவர் குடியிருக்கும் இடத்தைக் காரணம் காட்டி அவரை வேறு நாட்டுப் பக்கத்துக்குத் திருப்பக் கூடாது. சம்மதித்துச் சென்ற பின்னரும், முதலில் நாடிய பக்கம் அவருக்கு எளிதில் கிடைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, நம் தையற்கூடத்துக்குச் சில விதிகளை வகுத்துக்கொள்ளலாம்.

1. வந்தவர் தாமே ஒரு நாணயத்தைத் தேர்ந்தெடுத்தால் அதுவே முடிவு. மறுமுறை வரும்போதும் அதையே நினைவில் வைத்துக் காட்ட வேண்டும்.

2. அவர் தேர்ந்தெடுக்காதவரை ஊகித்த நாணயத்தைக் காட்டலாம். ஆனால் மாற்றிக்கொள்ளும் வசதி கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும்.

3. ஊகிக்க இயலாவிடில் கடையின் சொந்த நாணயமான ரூபாயைக் காட்ட வேண்டும். தெரியாத நாட்டைத் தெரிந்ததுபோல எழுதலாகாது.

4. பொருளை அனுப்ப வேண்டிய முகவரியை வாங்குபவர் தம் கையாலேயே எழுதுகிறார். அனுப்பும் செலவுக்கும் வரிக்கும் அதையே நம்ப வேண்டும், ஐ.பி. எண்ணை அன்று.

5. பணம் செலுத்தும் நேரத்தில் நாணயத்தை அவர் அறியாமல் மாற்றலாகாது. எந்தப் பணத்தில் எவ்வளவு என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும்.

6. நாட்டின் பெயர் போதுமான இடத்தில் வீட்டின் இருப்பிடத்தைக் கேட்கலாகாது.

முடிவுரை

நம்முள் சிலர் நாளை கணினி நிரல் எழுதுவோர் ஆவோம். சிலர் கணக்கு எழுதுவோம். சிலர் கடை நடத்துவோம். இணையத்தில் பொருள் வாங்காதவர் நம்மில் அநேகமாக ஒருவரும் இரார். ஆகவே இப்பாடம் கணினி வகுப்போடு முடிந்துவிடுவதன்று. அட்டவணையில் ஒரு வரி எழுதுபவர், அவ்வரியின் மறுமுனையில் ஒரு வீடும் அதில் ஒரு குடும்பமும் இருக்கலாம் என்பதை எண்ணியே எழுத வேண்டும். வாங்குபவரும் பணம் செலுத்துமுன் இது எந்த நாட்டு நாணயம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகளுக்கு வெளிநாட்டுப் புத்தகமோ தேர்வுக் கட்டணமோ செலுத்த நேரும்போது அவளையும் அருகில் அமர்த்திக்கொண்டு, திரையில் காட்டிய தொகையையும் வங்கிக் கணக்கில் கழிந்த தொகையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்யுங்கள். விகிதம், கட்டணம், தசமம் யாவும் அந்த ஒரு ரசீதிலேயே அவளுக்கு விளங்கிவிடும்.

வந்தவரை அவரவர் நாட்டுப் பணத்தில் வரவேற்பது நல்ல உபசரிப்பே. ஆனால் வாசலில் நிற்பவரை, “நீர் இந்த ஊர்க்காரர்தாம்” என்று நாமே தீர்மானித்துவிடாமல், “எந்த ஊர் நீங்கள்?” என்று கேட்பதே நம் இல்லங்களின் வழக்கம். கணினிக்கும் அவ்வழக்கத்தையே கற்றுக்கொடுப்போமாக!